காலத்தே கண்டறிதல்: மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் பெங்களூரின் முயற்சிகளும்

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் 1982ஆம் ஆண்டு முதல் ஒரு பேரேடு எழுதப்பட்டு வருகிறது. நகரின் எந்த மருத்துவமனையில் யாருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டாலும், அவரது வயது, பாலினம், நோய் தோன்றிய உறுப்பு ஆகிய விவரங்களைத் திரட்டிப் பதிவு செய்வதே அதன் பணி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மும்பை, சென்னை ஆகிய நகரங்களுடன் பெங்களூரும் அதில் இடம்பெற்றது. வங்கியின் பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த வங்கியின் நிலை விளங்குவதுபோல, இந்தப் பதிவேட்டைப் படிப்பவருக்கு ஒரு நகரத்துப் பெண்களின் உடல்நிலை விளங்கும்.

1980களில் பெங்களூரிலும் சென்னையிலும் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துள்ளது. உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பெண்கள் இதனால் உயிரிழந்தனர்.

இந்த எண்ணிக்கை அச்சுறுத்துவதாகத் தோன்றலாம். ஆனால் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டியது வேறொரு கணக்கு. நாட்டின் 11 பதிவேடுகளின் தரவுகளைக் கொண்டு 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நோய் மார்பகத்தோடு நின்றிருந்த நிலையில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்ததாகக் கூறுகிறது. அக்குள் நிணநீர் முடிச்சுகள் போன்ற அண்மைப் பகுதிகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இது ஏறத்தாழ 65. எலும்பு, நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ 18 மட்டுமே. நோய் ஒன்றுதான், கண்டறிந்த காலம்தான் வேறு. நம் நாட்டில் இந்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 57 விழுக்காட்டினர், இரண்டாவது நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகின்றனர் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பதிவேட்டு அறிக்கை.

ஆகவே, இந்நோயை எவ்வாறு முன்கூட்டியே கண்டறிவது என்பதே வினா. அதற்கு விடை காண முயலும் நகரங்களுள் பெங்களூரு குறிப்பிடத்தக்கது. அங்கு உருவான புதிய கருவியைப் பற்றியும், அக்கருவியால் மட்டும் நிறைவேறாத பணிகளைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

மேமோகிராம் வளர்ந்த வரலாறு

மார்பகத்தை எக்ஸ்ரே கதிர் கொண்டு படமெடுக்கும் முறையே மேமோகிராம். 1913ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட மார்பகத் திசுக்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். புற்றுநோய்க் கட்டியின் ஓரம் எவ்வாறு தோன்றும் என்பதை அவரது ஆய்வு காட்டியது. 1963ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஏறத்தாழ 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, நோயறிகுறி ஏதுமில்லாத பெண்களையும் குறித்த கால இடைவெளியில் பரிசோதித்தால் உயிரிழப்பு குறையும் என்பதற்கு முதல் பெரிய சான்றை அளித்தது. 1977இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வு அதனை மேலும் உறுதிப்படுத்தியது.

அதன்பின் கருவிகள் மேம்பட்டன. ஃபிலிம் சுருளுக்குப் பதிலாகக் கணினித் திரையில் படம் பார்க்கும் டிஜிட்டல் மேமோகிராம் கருவிக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. பல கோணங்களில் படமெடுத்து, மார்பகத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் முப்பரிமாண மேமோகிராம் 2011இல் ஒப்புதல் பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த திசுக்களுக்கு இடையே மறைந்திருக்கும் கட்டியைப் பிரித்துணர இது உதவுகிறது.

இத்தனை வளர்ச்சிக்குப் பின்னரும் மேமோகிராமுக்கு ஓர் எல்லை உண்டு. இளம் வயதுப் பெண்களின் மார்பகத்தில் கொழுப்பைவிடச் சுரப்பித் திசு மிகுதி. எக்ஸ்ரே படத்தில் சுரப்பித் திசுவும் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மையாகத் தெரியும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது போன்றது அந்நிலை. இத்தகைய பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனையையும் சேர்த்துச் செய்ய மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். மேலை நாடுகளோடு ஒப்பிடுகையில் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் இளைய வயதிலேயே தோன்றுவது அதிகம் என்பதால், இந்த எல்லை நமக்குக் கூடுதல் முக்கியத்துவம் உடையது.

பரிசோதனை எட்டாத பெண்கள்

மேமோகிராம் கருவி விலை மிக்கது. அதற்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புள்ள தனி அறை வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் வேண்டும். படத்தைப் படித்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர் வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே அமைவது பெருநகரங்களில்தான். மேலை நாடுகளில் உள்ளதுபோல், வயது வந்த பெண் ஒவ்வொருவரையும் கடிதம் எழுதி மேமோகிராமுக்கு அழைக்கும் நாடு தழுவிய ஏற்பாடு நம்மிடம் இல்லை.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காட்டினர் மட்டுமே என்று தெரிவிக்கிறது. நூறு பேரில் ஒருவர்கூட இல்லை.

கருவி அருகில் இருந்தாலும் பரிசோதனை கைக்கெட்டுவதில்லை என்பதற்குப் பெங்களூரே சான்று. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுக்கு மேமோகிராம் கருவி சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆனால் அங்குச் சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆண் ஊழியர் எவரேனும் பார்ப்பாரோ என்ற கூச்சம், நோய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம், வலி இல்லாதபோது மருத்துவமனைக்கு ஏன் செல்ல வேண்டும் என்ற எண்ணம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

வசதியுள்ள குடும்பங்களிலும் நிலை பெரிதும் மாறுபடவில்லை. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வரும் பெண்களிடம் காரணம் கேட்பது வங்கிக் கவுன்ட்டரில் வழக்கம். மகளின் கல்லூரிக் கட்டணம், மாமனாரின் அறுவைச் சிகிச்சை, தம்பியின் வீட்டுக்கு முன்பணம் என்னும் விடைகளை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ‘எனக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்’ என்று கூறியவர்கள் மிகச் சிலர்.

பயிற்சி பெற்ற கைகள்

கருவி இல்லாமலும் நோயை முன்கூட்டியே கண்டறிய முடியுமா? இவ்வினாவுக்கு விடை தேடி உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நடைபெற்றது. மும்பை டாடா நினைவு மையம் 1998ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியது. நகரின் எளிய மக்கள் வாழும் 20 பகுதிகளைச் சேர்ந்த, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். பாதிப் பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாகக் கைகளால் மார்பகப் பரிசோதனை செய்தனர். மறுபாதியில் விழிப்புணர்வு மட்டும் ஊட்டப்பட்டது.

இருபது ஆண்டு கால முடிவுகள் 2021இல் வெளியாயின. பரிசோதனை நடைபெற்ற பகுதிகளில், முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 37 விழுக்காடு. மற்றப் பகுதிகளில் 47 விழுக்காடு. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் உயிரிழப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குக் குறைந்தவர்களிடையே உயிரிழப்பில் அத்தகைய பயன் தென்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் ஒளிக்காமல் பதிவு செய்துள்ளனர். விலையுயர்ந்த இயந்திரம் ஏதுமின்றி, முறையாகப் பயின்ற கைகளாலும் தவறாத கால ஒழுங்காலும் கிடைத்த பயன் இது.

கைகளின் திறனை மற்றொரு வகையில் பயன்படுத்தும் முயற்சி பெங்களூரில் நடைபெற்று வருகிறது. பார்வையற்றவர்களின் தொடுவுணர்வு கூர்மையானது என்பதை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனியின் மகப்பேறு மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பெங்களூரின் எனேபிள் இந்தியா அமைப்பு, பார்வையற்ற பெண்களுக்கு இப்பயிற்சியை அளித்துள்ளது. பிரெய்ல் குறியிட்ட பட்டைகளை மார்பின்மேல் ஒட்டி, அவற்றைக் கட்டங்களாகக் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, மாற்றம் உள்ள இடத்தைக் குறித்து மருத்துவரிடம் அவர்கள் தெரிவிக்கின்றனர். நோயை உறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பு. தம்மைப் பார்க்க இயலாத ஒரு பெண்ணே பரிசோதிக்கிறார் என்பதால், பரிசோதனைக்கு வருபவரின் கூச்சமும் குறைகிறது.

வெப்பத்தைப் படிக்கும் கேமரா

2016ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிராமை என்னும் நிறுவனம், இத்துறையில் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. இதனைத் தொடங்கிய முனைவர் கீதா மஞ்சுநாத் கணினி அறிவியலர். இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் தரவு ஆய்வுப் பிரிவை வழிநடத்தியவர். நெருங்கிய உறவினர்கள் இளம் வயதிலேயே இந்நோய்க்கு ஆளானதைக் கண்டபின், தமது துறை அறிவை இதற்குப் பயன்படுத்த முற்பட்டார்.

இம்முறையின் அடிப்படை எளியது. வேகமாக வளரும் கட்டிக்குக் குருதியோட்டம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதனால் அவ்விடத்தில் வெப்பம் சற்றுக் கூடுகிறது. பரிசோதனைக்கு வரும் பெண் குளிர்விக்கப்பட்ட அறையில் சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டும். பின்னர், சற்றுத் தொலைவில் உள்ள வெப்பக் கேமரா பல கோணங்களில் படமெடுக்கும். எவரும் தொடுவதில்லை, மார்பகத்தை அழுத்துவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. கேமராவை எளிதாக எடுத்துச் செல்லலாம் என்பதால், சிற்றூர்களிலும் அலுவலக வளாகங்களிலும் முகாம் நடத்த இயலும்.

வெப்பப் படமெடுப்பது புதிய கருத்தன்று. 1956ஆம் ஆண்டிலேயே கனடா மருத்துவர் ரே லாசன் இதனை எடுத்துரைத்தார். 1970களில் அமெரிக்காவில் நடைபெற்ற பெரிய பரிசோதனைத் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படித்ததும், பல கட்டிகள் தப்பிவிட்டதும் அதன் குறைபாடுகளாகக் கருதப்பட்டன. மனிதக் கண்ணின் மதிப்பீட்டுக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான வெப்பப் புள்ளிகளைக் கணினி ஆராய்ந்து மதிப்பெண் அளிக்கச் செய்ததே பெங்களூரு நிறுவனத்தின் பங்களிப்பு. 2020இல் வெளியான அதன் ஆய்வில் 470 பெண்கள் பங்கேற்றனர். நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 91 பேரை இம்முறை சரியாகச் சுட்டியது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 82 பேரை நோயில்லை என்று சரியாகக் கூறியது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வெப்பப் படத்தை மேமோகிராமுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. உலகில் எங்கும், வெப்பப் படப் பரிசோதனையால் உயிரிழப்பு குறைந்தது என்பதற்கு மேமோகிராமுக்கு உள்ளதைப் போன்ற நீண்டகால ஆய்வுச் சான்று இல்லை. ஆகவே, முகாமில் எடுத்த வெப்பப் படம் ‘இயல்பு’ என்று காட்டினாலும், கையில் கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

வணிகவியல் படித்தவன் என்ற முறையில், இந்த 91, 82 என்னும் எண்களை ஒரு முகாமுக்குப் பொருத்திப் பார்த்தேன். அறிகுறி ஏதுமில்லாத 1,000 பெண்கள் முகாமுக்கு வருகிறார்கள் என்றும், அவர்களுள் 5 பேருக்கு நோய் மறைந்துள்ளது என்றும் கொள்வோம். இது விளக்கத்திற்காகக் கொண்ட எண்ணிக்கையே. அந்த ஆய்வில் அறிகுறி உள்ள பெண்களும் இருந்தனர் என்பதால், முகாமில் விழுக்காடுகள் மாறக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐவரில் நால்வரையோ ஐவரையுமோ கருவி சுட்டிவிடும். மீதமுள்ள 995 பேரில் ஏறத்தாழ 180 பேருக்கு நோய் இல்லாமலேயே ‘மேலும் பரிசோதிக்க வேண்டும்’ என்னும் சீட்டு வந்துவிடும். ஆக, சீட்டுப் பெற்ற ஏறத்தாழ 185 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் ஐவருக்கு மேல் இல்லை. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன.

முதலாவது, சீட்டு வந்தவுடன் அஞ்ச வேண்டியதில்லை. நாற்பது பேருக்குச் சீட்டு வந்தால், அவர்களுள் ஏறத்தாழ 39 பேருக்கு அடுத்த பரிசோதனை நல்ல செய்தியையே தரும். இரண்டாவது, அந்த 185 பேரையும் அல்ட்ராசவுண்டுக்கும் மேமோகிராமுக்கும், தேவைப்படுவோரைத் திசுப் பரிசோதனைக்கும் அழைத்துச் சென்று முடிவு தெரியும்வரை பின்தொடர எவரேனும் வேண்டும். பின்தொடர ஆளில்லாத முகாமில், அந்த ஐவரும் மற்ற 180 பேரோடு வீடு திரும்பிவிடுவர். அவர்களைக் கருவி கண்டுபிடித்திருந்தும் பயன் இல்லாமற்போகும்.

எந்தப் புதிய கருவிக்கும் இக்கணக்கு பொருந்தும். காசோலையைப் பெட்டியில் போடுவதால் பணம் வந்துவிடுவதில்லை; அது வசூலாகிக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். பரிசோதனையும் அவ்வாறே. உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கென வகுத்துள்ள மூன்று இலக்குகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முதல் அல்லது இரண்டாம் கட்டத்திலேயே கண்டறியப்பட வேண்டும். மருத்துவரை முதன்முதலில் அணுகியதிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் இன்னதென உறுதியாக வேண்டும். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். மூன்றனுள் முதலாவதற்கு மட்டுமே கருவி நேரடியாக உதவும்.

மருத்துவருக்குத் துணைநிற்கும் கணினி

இரண்டாவது இலக்கான 60 நாளை எட்டுவதற்குத் தடையாக இருப்பவற்றுள் ஒன்று, படங்களைப் படிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் போதாமை. இங்குச் செயற்கை நுண்ணறிவு உண்மையான உதவியை அளிக்கத் தொடங்கியுள்ளது. ஸ்வீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடைபெற்ற ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியாயின. ஒரு பிரிவினரின் மேமோகிராம் படங்களை, வழக்கம்போல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்தனர். மற்றொரு பிரிவினரின் படங்களைக் கணினி முதலில் தரம் பிரித்தது. ஐயம் குறைந்தவற்றை ஒரு மருத்துவரும், ஐயம் மிகுந்தவற்றை இருவரும் படித்தனர். கணினி துணைநின்ற பிரிவில் 1,000 பேருக்கு 6 பேர் வீதமும், மற்றப் பிரிவில் 5 பேர் வீதமும் நோய் கண்டறியப்பட்டது. மருத்துவர்களின் படம் படிக்கும் பணிச்சுமையோ 44 விழுக்காடு குறைந்தது.

ஸ்வீடனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் படிப்பது மரபு. நம் மாவட்டத் தலைநகரங்களில் ஒரு மருத்துவர் கிடைப்பதே அரிது. ஆகவே, இத்தொழில்நுட்பத்தின் பயன் நமக்கே மிகுதி எனலாம். எனினும், முடிவு கூறும் பொறுப்பு மருத்துவரிடமே இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

வாசலுக்கு வரும் பரிசோதனை

மத்திய அரசு 2016இல் வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யப்பட வேண்டும். மார்பகப் பரிசோதனை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கைகளால் செய்யப்படுகிறது. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பும்போது, அலட்சியப்படுத்தாமல் விடையளித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இதனைச் செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. கர்நாடகத்தில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம கிளினிக்’ மையங்கள், நகர்ப்புற எளிய மக்களுக்கு முதல் வாயிலாக அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் பின்னர் விரிவாக்கப்பட்டது.

நோய் உறுதியானால் சிகிச்சைக்கும் வழிகள் உள்ளன. ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், மற்றக் குடும்பங்களுக்குச் சிகிச்சைத் தொகையில் 30 விழுக்காடு என்னும் அளவில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலும் உதவி கிடைக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ள பெண்களுக்கு மருத்துவ உதவியோடு, தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டு காலம் பெறும் உரிமையும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பலருக்கு இவ்வுரிமை இருப்பதே தெரியாது. சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் தம் பணியாளர்களிடம் இதனை எடுத்துரைத்தால் பேருதவியாக இருக்கும்.

மருந்து விலையிலும் பெங்களூருக்கு ஒரு பங்குண்டு. மார்பகப் புற்றுநோய்களில் ஆறில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்த வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக்குரிய டிராஸ்டுசுமாப் மருந்தின் நிகர்வடிவத்தைப் பயோகான் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. 2017 டிசம்பரில் அதன் நிகர்வடிவம் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

பணத் திட்டமிடல்

மருத்துவக் காப்பீட்டை நலமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். கட்டி தட்டுப்பட்ட பின் எடுக்கும் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் பொருந்தும். இக்காலத்தின் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டில் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துள்ளது.

கடும்நோய்க் காப்பீடு வைத்திருப்போர் ஒரு நுணுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். பால் நாளத்திற்குள்ளேயே அடங்கி, சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவாத தொடக்க நிலைப் புற்று, அத்தகைய காப்பீடுகளின் புற்றுநோய் வரையறையில் பொதுவாகச் சேர்வதில்லை. மேமோகிராம் கண்டறிவனவற்றுள் இந்நிலையும் ஒன்று. மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் சாதாரண மருத்துவக் காப்பீடும் உடன் இருப்பது இதனால் நல்லது.

வருமான வரிச் சட்டம், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர்க்கு, நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை வரிவிலக்குக் கோர இடமளிக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக்குரிய மொத்த வரம்புக்குள் இத்தொகை அடங்கும். காப்பீட்டுக் கட்டணத்தைப் போலன்றி, இதனை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் கோரலாம். மனைவி, பெற்றோர் ஆகியோருக்குச் செய்த பரிசோதனைக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் வரிச் சேமிப்புக்காக அலைவோர், இந்த 5,000 ரூபாயை வீட்டுப் பெண்களின் பரிசோதனைக்கென முன்கூட்டியே ஒதுக்கலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியவை

மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கலந்த கசிவு, வடிவ மாற்றம் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். தொடக்க நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. அதேபோல், கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது எது என்பதை மருத்துவரே கூற இயலும்.

முப்பது வயதைக் கடந்தவர்கள் அரசு நெறிப்படி கைப்பரிசோதனையைத் தொடங்கலாம். நாற்பதைக் கடந்தவர்கள், மேமோகிராம் எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தேவை என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். தாய், சகோதரி, மகள் ஆகியோரில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் அதனை முதலில் கூற வேண்டும். அவர்களுக்குப் பரிசோதனை இன்னும் முன்னரே தேவைப்படலாம்.

முகாமில் பரிசோதனை செய்துகொள்வோர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இதன் முடிவை எந்த மருத்துவர் பார்ப்பார்? மேலும் பரிசோதனை தேவையெனில் எங்கே செல்ல வேண்டும்? அடுத்த முறை எப்போது வர வேண்டும்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை அளிக்கும் முகாம் நல்ல முகாம். விடைகளை எழுதி வாங்கி, படங்களையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் பாதுகாக்க வேண்டும். சென்ற முறை எடுத்த படத்தோடு ஒப்பிடும்போதுதான் சிறிய மாற்றமும் மருத்துவருக்குப் புலப்படும்.

கடன் தவணைக்கும் லாக்கர் வாடகைக்கும் கைபேசியில் நினைவூட்டல் வைத்திருக்கும் குடும்பங்கள், வீட்டுப் பெண்களின் பரிசோதனை நாளையும் அதில் சேர்க்கலாம். அந்நாளில் அடுப்படியையும் அலுவலகத்தையும் சற்று ஒத்திவைத்து அவரை அழைத்துச் செல்வது மற்றவர்களின் கடமை. 81க்கும் 18க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதியைக் குறைக்க, பல குடும்பங்களில் தேவைப்படுவது அந்த அரைநாள்தான்.